ஏட்டில் குறைந்த நைட்ரஜன்

தழைச்சத்து போட்டால் பயிர் கருகருவென்று வளரும் என்பதை நம் உழவர் எவரும் சொல்வார். அந்தத் தழைச்சத்து நைட்ரஜனே என்பதை நீங்கள் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அப்படியானால், காசு செலவின்றி வானிலிருந்தே நைட்ரஜன் உரம் ஆண்டு முழுவதும் காடுகளின் மீதும் புல்வெளிகளின் மீதும் விழுந்துகொண்டிருந்தால் அவை செழித்தோங்க வேண்டுமல்லவா? உண்மை இதற்கு நேர்மாறானது. அவ்வாறு விழும் நைட்ரஜனால் ஐரோப்பாவின் இயற்கை நிலங்கள் பல தம் செடிகளையும் பறவைகளையும் இழந்து வந்துள்ளன.

இந்தத் தீங்கைக் குறைப்பதற்கென்று நெதர்லாந்து அரசு 2015ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் 'நைட்ரஜன் அணுகுமுறைத் திட்டம்' என்ற பெருந்திட்டத்தைத் தொடங்கிற்று. நான்கே ஆண்டுகளில், 2019ஆம் ஆண்டு மே 29ஆம் நாள், அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றமாகிய அரசு மன்றம் அதைச் செல்லாதென்று தீர்ப்பளித்துவிட்டது. அத்திட்டத்தை, ஒரு நூலை மதிப்பிடுவது போலவே, நிறை குறைகளைத் தூக்கிப் பார்த்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம். அறிவியலில் தேர்ந்த ஒரு நாடு எங்கே வழுக்கியது என்பதை அறிந்துகொள்வது எல்லா நாட்டினர்க்கும் பயன் தரும்.

இரு வகை நைட்ரஜன்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனால் அதில் இரண்டிரண்டு அணுக்கள் முப்பிணைப்பால் இறுகக் கட்டுண்டு கிடக்கின்றன. அதனால் அது எந்தச் செடிக்கும் நேரடியாக உணவாவதில்லை; எந்த உயிருக்கும் தீங்கு செய்வதுமில்லை. மின்னலும், அவரைக் குடும்பச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்களும், மண்ணிலும் நீரிலும் வாழும் வேறு சில நுண்ணுயிர்களுமே பன்னெடுங்காலமாக அக்கட்டை அவிழ்த்து, உயிர்களுக்குப் பயன்படும் நைட்ரஜனைச் சிறிது சிறிதாகத் தந்து வந்தன.

1909இல் ஜெர்மன் வேதியியல் அறிஞர் ஃபிரிட்ஸ் ஹேபர் அம்மோனியாவை ஆய்வுக்கூடத்தில் தொகுத்துக் காட்டினார். கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை முறையாக்கினார். 1913இல் ஓப்பாவ் நகரில் முதல் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. இன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் உண்ணும் உணவு இம்முறையால் கிடைத்த உரத்தைச் சார்ந்தது. எனவே நைட்ரஜனைப் பகைவனாக எண்ணுவது நன்றிகெட்ட செயலாகும்.

ஆனால் வயலில் இட்டதெல்லாம் பயிருக்குப் போவதில்லை. மாடு தின்றதெல்லாம் பாலாவதில்லை. எஞ்சியதில் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகக் காற்றில் கலக்கிறது. ஊர்திகளும் அனல்மின் நிலையங்களும் எரிபொருளை எரிக்கும்போது நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகின்றன. இவ்விரண்டுமே காற்றின் நைட்ரஜன் மாசு. மழையோடு கரைந்தும், மழையின்றித் துகளாகவும் வாயுவாகவும் அவை மீண்டும் நிலத்தில் படிகின்றன.

வறிய மண்ணின் செல்வம்

இயற்கை நிலங்களில் பல, சத்துக் குறைந்த மண்ணில் உருவானவை. அந்த வறுமையே அவற்றின் காவல். டிரோசிரா என்னும் பூச்சியுண்ணும் செடியை நீங்கள் தாவரவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். நைட்ரஜன் கிடைக்காத சதுப்பு மண்ணில் வாழ்வதால்தான் அது பூச்சியைப் பிடித்து அக்குறையைத் தீர்த்துக்கொள்கிறது. அதே மண்ணில் நைட்ரஜன் குவிந்தால் என்ன ஆகும்? விரைந்து வளரும் புல் உயர்ந்தெழுந்து வெயிலை மறைக்கும். டிரோசிராவின் திறமை அங்கே செல்லாக் காசாகிவிடும்.

இது கற்பனையன்று. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் 1856இல் தொடங்கிய புல்வெளி ஆய்வு இன்றும் தொடர்கிறது. உரமே இடாத பாத்திகளில் நாற்பதை ஒட்டிய எண்ணிக்கையில் தாவர இனங்கள் வாழ்கின்றன. சுண்ணாம்பு சேர்க்காமல் அம்மோனியம் சல்ஃபேட் மட்டும் மிகுதியாகப் பெற்ற பாத்திகளில் எஞ்சியவை இரண்டு மூன்று புல்வகைகளே. பிரிட்டனின் 68 புல்வெளிகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட முடிவும் இதையே காட்டியது: ஆண்டுக்கு ஒரு ஹெக்டேரில் படியும் நைட்ரஜன் 2.5 கிலோ கூடும்போதெல்லாம், நான்கு சதுர மீட்டர் நிலத்தில் சராசரியாக ஓர் இனம் குறைந்திருந்தது.

நெதர்லாந்திலும் இந்த அழிவு கண்ணெதிரே நிகழ்ந்தது. ஆகஸ்டு மாதத்தில் ஊதாப் பூக்களால் மூடப்படும் ஹீதர் புதர்வெளிகள் அந்நாட்டின் பெருமை. 1980களுக்குள் அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெறும் புல்வெளியாகிவிட்டது. வேலுவ காட்டுப்பகுதியில் வேறொரு விந்தை காணப்பட்டது. நம் நாட்டுப் பட்டாணிக் குருவிக்கு உறவான பெரிய பட்டாணிக் குருவிகள் ஓடு மெலிந்த முட்டைகளை இட்டன. சில ஓடே இல்லாத முட்டைகளை இட்டன. காரணத்தை ஆராய்ந்து 1994இல் வெளியிட்டார்கள். கந்தகமும் நைட்ரஜனும் மண்ணை அமிலமாக்க, மண்ணின் கால்சியம் கரைந்து போயிற்று. கால்சியம் குறைய, நத்தைகள் அருகின. நத்தை ஓட்டிலிருந்து சுண்ணாம்புச் சத்தைப் பெறும் குருவிகள் முட்டைக்கு ஓடு கட்ட வகையின்றித் தவித்தன. நத்தை ஓட்டையும் கோழிமுட்டை ஓட்டையும் நொறுக்கி வைத்தபோது அக்குறை நீங்கியது. காற்றில் கலந்த வாயு குருவியின் கூடு வரை சென்ற பாதை இது.

ஒவ்வொரு வகை இயற்கை நிலமும் தீங்கின்றி ஏற்கக்கூடிய நைட்ரஜனுக்கு ஓர் உச்ச அளவு உண்டு. அதைத் 'தாங்கு அளவு' எனலாம். நெதர்லாந்தின் உலர்ந்த ஹீதர் வெளிக்கு அது ஆண்டுக்கு ஒரு ஹெக்டேரில் 15 கிலோ என்று வகுத்தார்கள். மழைநீரை மட்டுமே நம்பி வாழும் சதுப்புகளுக்கு 7 கிலோதான். ஆனால் திட்டம் நடந்த ஆண்டுகளில் அந்நாட்டில் சராசரியாகப் படிந்ததோ 20 கிலோவுக்கு மேல். நைட்ரஜனைத் தாங்காத இயற்கை நிலங்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் வரம்பு மீறப்பட்டிருந்தது.

எங்கிருந்து வந்தது?

நெதர்லாந்து சிறிய நாடு. 2019இல் அதில் ஏறத்தாழ 38 இலட்சம் மாடுகளும், 1 கோடியே 20 இலட்சம் பன்றிகளும், 10 கோடிக் கோழிகளும் இருந்தன. அங்குப் படியும் நைட்ரஜனில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு உள்நாட்டு வேளாண்மையிலிருந்து, அதிலும் கால்நடை வளர்ப்பிலிருந்து வந்தது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அண்டை நாடுகளிலிருந்து காற்றோடு வந்தது. எஞ்சியது ஊர்தி, தொழிற்சாலை, வீடு, கப்பல் ஆகியவற்றின் பங்கு.

அந்நாட்டினர் ஒன்றும் செய்யாமலும் இல்லை. சாணக் குழம்பை வயலின் மேலே தெளிப்பதைத் தடுத்து, மண்ணைக் கீறி உள்ளே செலுத்தச் செய்தார்கள். சேமிப்புத் தொட்டிகளை மூடச் செய்தார்கள். இவை போன்ற முறைகளால் 1990க்குப் பின் அம்மோனியா வெளியேற்றம் 60 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. இது பாராட்டத்தக்க சாதனை. எனினும் 2010ஐ ஒட்டி அந்த வீழ்ச்சி தளர்ந்து நின்றுவிட்டது. எளிதில் செய்யக்கூடியவை செய்து முடிந்தன, கடினமானவை எஞ்சின. அந்த வேளையில்தான் 2015ஆம் ஆண்டுத் திட்டம் பிறந்தது.

திட்டம் கூறியது என்ன?

பண்ணையோ சாலையோ தொழிற்சாலையோ விரிவடைய வேண்டும். இயற்கையும் காக்கப்பட வேண்டும். இரண்டையும் ஒருசேர நிறைவேற்றத் திட்டம் ஒரு வழி சொன்னது. இனிவரும் ஆண்டுகளில் பல நடவடிக்கைகளால் நைட்ரஜன் படிவு இவ்வளவு குறையும் என்று முன்னதாகக் கணக்கிடுவது. அவ்வாறு குறையப்போகும் அளவில் ஒரு பகுதியை 'வளர்ச்சிக்கான இடம்' என்று ஒதுக்கி, புதிய பண்ணைகளுக்கும் சாலைகளுக்கும் இன்றே பங்கிட்டுக் கொடுப்பது. அதோடு, பாதிக்கப்பட்ட நிலங்களில் மேற்புல்லைச் சீவி எடுத்தல், நீர்மட்டத்தை உயர்த்துதல் போன்ற சீரமைப்புப் பணிகளைச் செய்வது.

சிறிய அளவில் மாசு செய்வோருக்குச் சலுகையும் இருந்தது. ஒருவரது பண்ணையால் இயற்கை நிலத்தில் படிவது ஹெக்டேருக்கு ஆண்டில் 1 மோலுக்குள், அதாவது 14 கிராமுக்குள் இருந்தால் பொதுவாக உரிமம் வேண்டியதில்லை, அறிவித்தால் போதும். 0.05 மோலுக்கும் குறைவென்றால் அறிவிப்பும் தேவையில்லை.

திட்டத்தின் நிறைகள்

நிறைகளை முதலில் சொல்வது முறை. நாடு முழுவதையும் ஒரே கணக்கில் கொண்டுவந்தது இத்திட்டம். எந்தப் பண்ணையிலிருந்து எந்தச் சதுப்புக்கு எவ்வளவு நைட்ரஜன் செல்கிறது என்பதைக் கணிக்கும் கணிப்பொறி முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு இயற்கை நிலத்துக்கும் அதனதன் நோயையும் மருந்தையும் எழுதி வைத்தது. நைட்ரஜன் என்பது கண்ணுக்குத் தெரியாத பொருள்; அதைப் பொதுமக்களும் அரசும் பேசும் பொருளாக்கியது. இவையாவும் சிறு பணிகள் அல்ல.

முதற்குறை: வராத வரவைச் செலவிட்டது

குறைகளில் தலையாயது திட்டத்தின் கருவிலேயே இருந்தது. ஒருவர் அடுத்த ஆண்டு வரக்கூடிய விளைச்சலை நம்பி இந்த ஆண்டே செலவு செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளைச்சல் வந்தால் சரி; பொய்த்தால் கடன். இங்கே கடன் வாங்கியது அரசு, கொடுத்ததோ மண். மண்ணுக்கு வாக்குறுதி தெரியாது. நேற்றுவரை விழுந்ததை அது சேர்த்து வைத்திருக்கிறது. இன்று விழுவதையும் அதனோடு சேர்க்கிறது. பத்தாண்டு கழித்துக் குறையும் என்று சொல்லி அதை ஆற்றுப்படுத்த முடியாது.

மேலும், கடன் தரும் நிலையிலா அந்த மண் இருந்தது? தாங்கு அளவுக்குள் இருக்கும் நிலத்தில் சிறிது கூட்டுவது வேறு. வரம்பை ஏற்கெனவே மீறிய நிலத்தில், குறைய வேண்டியதில் ஒரு பங்கை மீண்டும் கூட்டுவது வேறு. பீல் சதுப்புகளை எண்ணிப் பாருங்கள். நாட்டிலேயே பன்றிப் பண்ணைகள் மிக நெருங்கியுள்ள பகுதி அவற்றைச் சூழ்ந்துள்ளது. அச்சதுப்பைக் காக்க முனைந்த ஒரு குழுவும் மற்றொரு சுற்றுச்சூழல் அமைப்பும் தொடுத்த வழக்குகளே திட்டத்தைச் சோதித்தன. 2018 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் விளக்கம் தந்தது: ஒரு நடவடிக்கையின் நற்பயன் உறுதியாகத் தெரியாத நிலையில், அப்பயனைக் காட்டி அனுமதி வழங்கலாகாது. இதைச் சட்ட நுணுக்கம் என்று சிலர் குறை கூறினர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அளந்து பார்க்காததை உண்மை என்று கொள்ளாதே என்பது அறிவியலின் முதற்பாடமே அல்லவா?

புல் சீவும் பணிக்கும் இது பொருந்தும். மேல்மண்ணைச் சீவினால் சேர்ந்த நைட்ரஜன் போகும். அதனுடன் பாஸ்பரசும் பிற தாதுக்களும் போகும். வானிலிருந்து விழுவது நிற்காதவரை சில ஆண்டுகளில் மீண்டும் சீவ வேண்டும். ஓட்டைப் பானையில் நீர் ஊற்றும் வேலை அது.

இரண்டாம் குறை: தொழுவத்தில் பொய்த்த கணக்கு

குறையும் என்று திட்டம் நம்பிய நைட்ரஜனில் ஒரு பகுதி புதுவகைத் தொழுவங்களைச் சார்ந்திருந்தது. அவற்றின் தத்துவம் எளிது. மாட்டின் சிறுநீரில் யூரியா உள்ளது. சாணத்தில் யூரியேஸ் என்னும் நொதி உள்ளது. இரண்டும் கலந்தால் அம்மோனியா பிறக்கும். ஆகவே சிறுநீரை உடனுக்குடன் வடித்து, சாணத்தை வழித்தெடுக்கும்படி தரையை அமைத்தால் அம்மோனியா குறைய வேண்டும்.

சோதனைத் தொழுவத்தில் குறையவும் செய்தது. ஆனால் உண்மைப் பண்ணையில் மாடு எப்போதும் நடந்துகொண்டிருக்கிறது, பிளவுகள் அடைபடுகின்றன, வழிக்கும் பொறி பழுதாகிறது. அந்நாட்டின் மத்தியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல், சேமித்த எருவில் எஞ்சியிருந்த நைட்ரஜனையும் பாஸ்பரசையும் ஒப்பிட்டுப் பார்த்தது. பாஸ்பரஸ் ஆவியாகாது, நைட்ரஜன் ஆவியாகும். எனவே இரண்டின் விகிதமே எவ்வளவு நைட்ரஜன் தப்பியது என்பதைக் காட்டிக்கொடுக்கும். ஏட்டில் எழுதியிருந்ததைவிட மிகுதியாகவே தப்பியிருந்தது! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

மூன்றாம் குறை: இல்லாத நுண்மை

கணிப்பொறி தந்த எண்களிலும் ஒரு மயக்கம் இருந்தது. 0.05 மோல் என்பது 0.7 கிராம்; ஏறத்தாழ இரண்டு சிட்டிகை உப்பின் எடை. ஒரு ஹெக்டேர் நிலத்தில், ஓராண்டில், ஒரு குறிப்பிட்ட பண்ணையால் விழும் இவ்வளவு நுண்ணிய அளவைக் கணிப்பொறி எழுதிக் காட்டலாம். களத்தில் எவராலும் பிரித்து அளக்க இயலாது. லேன் ஹோர்டைக் தலைமையில் அமைந்த அறிஞர் குழு 2020இல் இதை நடுநிலையோடு ஆராய்ந்தது. நாடு தழுவிய அளவுக்கு அளவீடும் கணக்கீடும் தகுதியானவையே. ஆனால் தனித்தனிப் பண்ணைக்கு, சிறு சிறு நிலத்துண்டுக்கு என்று உரிமம் வழங்கும் வேலைக்கு அக்கணக்கு பொருந்தாது என்பது அதன் முடிவு. கணக்கில் இப்படியோர் ஐயம் இருப்பதால் நைட்ரஜன் தீங்கே பொய் என்று வாதிட்டோரும் உண்டு. இது தவறு. தராசு குண்டுமணியைச் சரியாக நிறுக்கவில்லை என்பதால் மூட்டை கனமில்லை என்று ஆகிவிடாது.

விலை கொடுத்தவர்கள்

தீர்ப்பு வந்ததும் ஏறத்தாழ 18,000 கட்டுமான, வேளாண்மைப் பணிகள் தடைப்பட்டன. 2019 அக்டோபர் 1ஆம் நாள் உழவர்கள் டிராக்டர்களோடு ஹேக் நகரத்தை முற்றுகையிட்டனர். 2020 மார்ச் முதல் நெடுஞ்சாலைகளில் பகல்நேர வேகம் மணிக்கு 100 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது.

எல்லாரினும் இரங்கத்தக்கவர்கள் அறிவிப்புச் சலுகையை நம்பிய சிறு பண்ணையாளர்களே. மூவாயிரத்துக்கு மேற்பட்ட அறிவிப்புகள் பதிவாகியிருந்தன. அரசு சொன்னபடியே நடந்தவர்கள் ஒரே நாளில் உரிமமற்றவர்களாகிவிட்டனர். ஆண்டுகள் பல சென்றும் மிகச் சிலருக்கே முறையான உரிமம் கிடைத்தது. தவறான கணக்கு மண்ணை மட்டுமன்றி மனிதரையும் ஏமாற்றும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

திட்டத்தை ஆதரிப்போர் ஒரு வாதம் கூறுவர்: வளர்ச்சிக்கு இடம் தராவிட்டால் உழவர்கள் எந்தக் கட்டுப்பாட்டுக்கும் இசைய மாட்டார்கள், ஆகவே விட்டுக்கொடுத்துத்தான் பெற வேண்டியிருந்தது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் முடிவைப் பாருங்கள். கடினமான மாற்றத்தை நான்கு ஆண்டுகள் தள்ளிப்போட்டதால் அது எளிதாகவில்லை. உழவர்கள் அதைப் பின்னாளில் எதிர்கொள்ளவே நேர்ந்தது. 2021இல் புதுச் சட்டம் வந்தது. நைட்ரஜனைத் தாங்காத நிலத்தில் 2025க்குள் 40 விழுக்காடும், 2030க்குள் 50 விழுக்காடும், 2035க்குள் 74 விழுக்காடும் தாங்கு அளவுக்குள் வர வேண்டும் என்றது அது. 2025 ஜனவரியில் ஹேக் நீதிமன்றம், 2030ஆம் ஆண்டு இலக்கை அரசு நிறைவேற்றியே ஆக வேண்டும் என ஆணையிட்டது. தவறினால் 1 கோடி யூரோ தண்டம். இலக்கு எழுதுவது எளிது. எட்டுவது அரிது என்பதை இது மீண்டும் காட்டுகிறது.

எப்படிச் செய்திருக்கலாம்?

முதலில் குறைத்து, குறைந்ததை அளந்து, பின்பு பங்கிடுவது: இந்த வரிசை மாறாதிருந்தால் போதும். அம்மோனியாவில் கணிசமான பகுதி பிறந்த இடத்துக்கு அருகிலேயே படிகிறது. எனவே சதுப்பை ஒட்டிய பண்ணைகளில் தொடங்கினால் சிறு செலவில் பெரும்பயன் கிடைக்கும். புதுத் தொழுவங்களை உண்மைப் பண்ணையில் பல பருவங்கள் அளந்த பின்பே கணக்கில் சேர்க்க வேண்டும். தொழிலை விடவோ மாற்றவோ விரும்பும் உழவர்க்குத் தக்க ஈடு முன்கூட்டியே தர வேண்டும். இவற்றுள் சில பின்னாளில் செய்யப்பட்டன. 2023இல் கால்நடைப் பண்ணைகளை அரசே விலை கொடுத்து மூடும் திட்டம் வந்தது. காலந்தாழ்ந்து வந்ததுதான் குறை.

நமக்கு இதில் என்ன?

2019 அக்டோபரில் கொழும்பில் கூடிய நாடுகள், வீணாகும் நைட்ரஜனை 2030க்குள் பாதியாகக் குறைப்பது என்ற நோக்கத்தை அறிவித்தன. அதே ஆண்டு மார்ச்சில் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் பேரவையில் நைட்ரஜன் பற்றிய தீர்மானத்தை முன்மொழிந்தது இந்தியா. உலகில் அம்மோனியா மிகுதியாக எழும் பகுதிகளுள் ஒன்றாகக் கங்கைச் சமவெளியைச் செயற்கைக்கோள்கள் காட்டுகின்றன. வேப்பெண்ணெய் பூசிய யூரியாவை 2015 முதல் இந்தியா கட்டாயமாக்கியுள்ளது. நல்ல தொடக்கங்கள்தாம். ஆனால் 'பாதி' என்பதும் இப்போதைக்கு ஏட்டில் உள்ள எண்ணே.

ஆகவே, நைட்ரஜன் இவ்வளவு குறைந்தது, இவ்வளவு குறையும் என்று எந்த அறிக்கையையேனும் நீங்கள் படிக்க நேர்ந்தால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். குறைந்ததை யார் அளந்தார்கள்? எங்கே அளந்தார்கள்? அளந்தது அனுமதி கொடுப்பதற்கு முன்பா, பின்பா? நெதர்லாந்தின் திட்டத்தை வகுத்தவர்கள் மூன்றாவது கேள்விக்கு விடை வைத்திருக்கவில்லை. வேலுவ காட்டின் குருவிகளோ தம் மெலிந்த முட்டைகளால் அதற்கு முன்பே விடை சொல்லியிருந்தன.